சீஸருக்கு யார் சோறு போட்டது?

ரெங்கம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஒரு நாய் மயங்கி விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். அது நடந்து கொஞ்ச காலம் ஆகிவிட்டது. ஆனால் அந்தக் கதை போன வாரம்தான் முடிந்தது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

பள்ளி விடுமுறையின் முதல் நாள். ஜொகூர் பாருவிலிருந்து வரும் காலை வண்டிக்காகக் காத்திருந்தோம் — நான், என் பக்கத்து வீட்டுச் சிநேகிதி கமலம், அவள் வீட்டு நாய் சீஸர். கமலத்தின் கணவர் வைத்திலிங்கம்தான் எங்கள் ஊர் ஸ்டேஷன் மாஸ்டர். வண்டியில் வரப்போவது அவர்களுடைய ஒரே மகள் சரசு. கான்வென்ட் ஹாஸ்டலில் சேர்த்த பிறகு முதல் தடவையாக வீட்டுக்கு வருகிறாள்.

சீஸருக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டி உள்ளே நுழைந்ததும் எஞ்சினோடு போட்டி போட்டுக்கொண்டு பிளாட்பாரத்தின் மறு கோடி வரைக்கும் ஓடும். வண்டியில் இருப்பவர்கள் தலையை நீட்டிச் சிரிப்பார்கள். ரெங்கத்தில் வேறு என்ன வேடிக்கை இருக்கிறது?

அன்றைக்கும் ஓடியது. ஓடியது என்றா சொன்னேன்... உருண்டது. பாதி தூரம்கூடப் போகவில்லை. முன்னங்கால்கள் இரண்டும் மடங்கின. தாடை தரையில் இடித்தது. வயிறு மட்டும் மேலும் கீழும் துருத்திபோல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நாக்கு வெளியே கிடந்தது — நாவற்பழம் தின்ற நாக்குபோல நீலமாக.

சரசு பெட்டியோடு இறங்கி ஓடி வந்தாள்.

"அம்மா, சீஸர் எங்கம்மா?"

கமலம் கீழே கையைக் காட்டினாள்.

சரசு குனிந்து பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். "இது யாரு வீட்டு நாய்?" என்று கேட்டாள்.

எனக்குச் சுரீரென்றது. தினமும் பார்த்த எங்களுக்குத் தெரியாதது, சில மாதம் விட்டுப் பார்த்த குழந்தைக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. இது அவள் விட்டுப்போன நாயே இல்லை. நாலு காலில் நிற்கும் பீப்பாய்.

தண்ணீர் தெளித்தோம். விசிறினோம். மெல்ல மூச்சு திரும்பியது. வீட்டுக்குத் தூக்கிப் போக இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

என் வீட்டுக்காரர் பக்கத்து எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டிரெஸர். மனிதர்களுக்குக் கட்டுப் போடுகிறவர், மருந்து கொடுக்கிறவர். நாய்க்கு வைத்தியம் தெரியாது என்றார். ஆனாலும் சாயங்காலம் வந்து உட்கார்ந்து சீஸரின் பக்கவாட்டில் கையை வைத்து அழுத்திப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

"தோட்டத்துக் கூலி லயத்துல விலா எலும்பு தெரியற புள்ளைங்களை நாள் பூரா பார்த்துட்டு வரேன்," என்றார். "இங்க என்னடான்னா விலா எலும்பைத் தேட வேண்டியிருக்கு."

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருக்கிற நேரம் இது. அவர் யாரையும் குத்திக்காட்டச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னார். கமலத்தின் முகம் மட்டும் சுண்டிப் போயிற்று.

எஸ்டேட் மாடுகளைப் பார்க்க அவ்வப்போது ஒரு மிருக வைத்தியர் வருவார். மாட்டு டாக்டர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். அந்த வாரமே அவர் வந்தது சீஸரின் நல்ல காலம். கமலம் வீட்டுக்கு அழைத்து வந்தோம். அவர் நாயை நிற்கவைத்து மேலிருந்து பார்த்தார்.

"இடுப்பு எங்கம்மா?" என்று கேட்டார்.

"நாய்க்கு ஏதுங்க இடுப்பு?" என்றாள் கமலம்.

"இருக்கணும். மேலேருந்து பார்த்தா விலாவுக்குப் பின்னாடி உள்ள வாங்கியிருக்கணும். கையை வெச்சா எலும்பு தட்டணும், ஆனா கண்ணுக்குத் துருத்திக்கிட்டுத் தெரியக்கூடாது. இதுக்கு ரெண்டும் இல்ல. இந்த வெயில்ல இவ்வளவு கொழுப்பைச் சுமந்துகிட்டு ஓடினா நெஞ்சு தாங்குமா? இன்னொரு தடவை விழுந்தா எழுந்திருக்காது. என்னம்மா போடறீங்க?"

கமலம் சொல்லச் சொல்ல எனக்கே தலை சுற்றியது. காலையில் இட்லி, நெய் தொட்டு. மதியம் சோறும் மீனும். மூன்று மணிக்கு டின் பால். சாயங்காலம் முறுக்கு. ராத்திரி மறுபடியும் சோறு.

"சரசு இருந்தப்ப மூணு பேருக்குச் சமைப்பேன்," என்றாள் தாழ்ந்த குரலில். "இப்பவும் கை தானா மூணு பேருக்குத்தான் அளக்குது. மிச்சத்தைக் கொட்டவா முடியும்?"

டாக்டர் திட்டவில்லை. ஒரு தகரக் குவளையை எடுத்துக் காட்டினார். காலையில் இதில் ஒன்று, சாயங்காலம் இதில் ஒன்று. நெய் கூடாது, பால் கூடாது, பலகாரம் கூடவே கூடாது. வெயில் ஏறுமுன் ஒரு நடை, இறங்கிய பின் ஒரு நடை. எடுத்தவுடன் ஓடவிடக் கூடாது. வாரம் ஒரு முறை எடை பார்க்க வேண்டும்.

"எடை எங்க பார்க்கிறது?" என்று நான் கேட்டேன்.

"ஸ்டேஷன்ல பார்சல் தராசு இருக்குல்ல?" என்றார்.

வைத்திலிங்கம் அண்ணன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கோட்டுப் பித்தான் ஒன்றைக்கூடத் திறந்து போடாத மனிதர். சர்க்கார் தராசில் சொந்த நாயா? ஆனால் சரசு அவர் கையைப் பிடித்துக்கொண்டு "அப்பா..." என்றாள். அவ்வளவுதான். சீஸர் தராசில் ஏறியது. நாற்பது கட்டி, ஏறக்குறைய ஐம்பத்து மூன்று ராத்தல். இந்த உயரத்து நாய்க்கு இருபத்தைந்து கட்டி தாராளம் என்றார் டாக்டர்.

ஏறக்குறைய இன்னொரு அரை நாயைச் சேர்த்துச் சுமந்திருக்கிறது அந்த ஜீவன். நாங்கள் எல்லோரும் கொழுகொழுவென்று இருக்கிறது, நல்ல வளர்ப்பு என்று மெச்சிக்கொண்டிருந்தோம். நம் ஜனங்களுக்குச் சதை என்றால் செழிப்பு. குழந்தையானாலும் சரி, மாப்பிள்ளையானாலும் சரி, நாயானாலும் சரி... இளைத்தால்தான் கவலைப்படுவோம். கொழுத்தால் கண்ணேறு கழிப்போம்.

விடுமுறை முழுக்கச் சரசுதான் சீஸரைப் பார்த்துக்கொண்டாள். குவளையில் அளந்து போட்டாள். இரண்டு வேளையும் ரயில் பாதை ஓரமாக நடத்திக் கூட்டிப்போனாள். தராசு முள் இறங்கத் தொடங்கியது. மூச்சிரைப்பு குறைந்தது. படியேறி வந்து என் காலை நக்கியது. டாக்டர் சொன்னபடி நடந்தால் பலன் உண்டு என்று நானும் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

விடுமுறை முடிந்தது. சரசு அழுதுகொண்டே வண்டி ஏறினாள். கமலமும் அழுதாள். வைத்திலிங்கம் அண்ணன் பச்சைக்கொடி காட்டினார். கொடி நேராக இருந்தது, முகமும் நேராக இருந்தது. கல் மனுஷன் என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். மகளைப் படிக்க அனுப்பியே தீருவேன் என்று பிடிவாதமாக நின்றவர் அவர்தான்.

அதன் பிறகுதான் அதிர்ச்சி.

முதல் வாரம் தராசு முள் இறங்கவில்லை. அடுத்த வாரம் ஏறியிருந்தது. அதற்கடுத்த வாரம் இன்னும் ஏறியிருந்தது.

"அக்கா, நான் குவளைக்கு மேல ஒரு பருக்கை போடலக்கா," என்று கமலம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது தட்டை நக்கிட்டு என் முகத்தையே பார்க்குது. நான் சமையக்கட்டுக் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள நின்னு அழறேன்."

அன்று வைத்திலிங்கம் அண்ணனும் வீட்டில் இருந்தார். தினசரியைக் கீழே இறக்காமலே பேசினார்.

"உனக்கு மனசு கேக்காது. ஒளிச்சுப் போடறே. அதான் ஏறுது."

"சத்தியமா இல்லைங்க."

"அப்ப யாரு போடறா? தராசு பொய் சொல்லுமா?"

கமலம் எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. இவள் போடவில்லை என்று எனக்குத் தெரியும். அப்படியானால் வேறு யாரோ போடுகிறார்கள். யார்?

சந்தேகம் முதலில் விழுந்தது ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் கோப்பிக் கடை மேல். சீஸர் அங்கே மேசைக்கு மேசை நிற்கும் என்பது ஊரறிந்த விஷயம். நானும் கமலமும் நேரே போனோம். கடைக்காரச் சீனர், முதலாளி என்ற மரியாதையில் நாங்கள் தவுக்கே என்று கூப்பிடுகிறவர், பல வருஷம் தோட்டத்து ஆட்களோடு பழகித் தமிழ் பேசுவார்.

"தவுக்கே, நம்ம நாய்க்கு ரொட்டி போடறீங்களா?" என்று கமலம் கேட்டாள்.

"முன்னே போட்டேன் லா. ரொட்டி ஓரம், முட்டை, எல்லாம் போட்டேன்," என்றார் அவர். "அன்னிக்கு கீழே விழுந்துச்சு, நான் இங்கேருந்து பார்த்தேன். அதுக்குப் பின்னே ஒண்ணும் இல்லே. இப்ப வந்தா விரட்டுறேன்."

"நிஜமாவா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அம்மா, எனக்கும் நாய் இருக்கு. நாய் சாகிறதுக்கு யாராவது சாப்பாடு போடுவாங்களா?"

தலையைக் குனிந்துகொண்டு வந்தோம். மாரியம்மன் கோயில் பக்கம் விசாரித்தோம். மளிகைக் கடையில் விசாரித்தோம். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: சீஸர் இப்போது இந்தப் பக்கம் வருவதே இல்லை. வந்தாலும் எதையும் முகர்ந்து பார்ப்பதில்லை. வயிறு நிறைந்த நாய்போலப் போய்விடுகிறது.

வயிறு நிறைந்த நாய். எங்கே நிறைந்தது?

போன வாரத்துக்கு முந்திய வாரம் குளுவாங்கில் இருக்கும் என் தங்கையைப் பார்க்கக் கிளம்பினேன். மதிய வண்டிக்கு நேரம் இருந்தது. ஸ்டேஷனில் ஈ காக்கை இல்லை. டிக்கெட் ஜன்னல் மூடியிருந்தது. பக்கத்தில் மாஸ்டர் அறைக் கதவு ஒருக்களித்து இருந்தது. உள்ளே யாரோ பேசும் குரல்.

வைத்திலிங்கம் அண்ணன் குரல்தான். ஆனால் அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

"இந்தா... மெதுவா. கத்தரிக்கா. அவளுக்குப் பிடிக்கும்ல? ஒரு வாய் அவ, ஒரு வாய் நான்... இப்ப நீ சாப்பிடு. எனக்கு இறங்கலடா."

கதவைத் தள்ளினேன். தட்ட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

மேசைமேல் டிபன் கேரியர் பிரித்து வைத்திருந்தது. மாஸ்டர் நாற்காலியில் இல்லை. முழு யூனிபார்மோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே சீஸர். அவர் கையிலிருந்த சோற்றுருண்டையை அது பதமாக வாங்கிக்கொண்டிருந்தது. கமலம் காலையில் எழுந்து சமைத்து அனுப்பிய சோறு, குழம்பு, கூட்டு — ஒரு பருக்கை அவர் வாய்க்குள் போகவில்லை.

அப்போதுதான் அவரை முதல் தடவையாக நேராகப் பார்த்தேன். கழுத்துக் காலருக்குள் இரண்டு விரல் நுழையும் இடைவெளி. கன்னம் ஒட்டியிருந்தது. மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. இத்தனை வாரம் நாயின் விலாவைத் தடவிக்கொண்டிருந்தோமே... இந்த மனுஷனை யார் பார்த்தோம்?

அவர் எழுந்தார். கையைக் கழுவினார். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"எங்க போகணும்? குளுவாங்கா?" என்றார்.

"அண்ணே, இந்த நாய் செத்துடும்," என்றேன்.

"தெரியும்."

"கமலத்தைப் போய்த் திட்டினீங்களே."

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அன்னைக்கு வேற என்ன சொல்றதுன்னு தெரியலம்மா," என்றார். "சரசு இங்க இருந்தப்ப அவதான் மத்தியானம் சாப்பாடு எடுத்துட்டு வருவா. இந்த நாய் பின்னாலயே வரும். நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாச் சாப்பிடுவோம். அவ போனதுலேருந்து போர்ட்டர் கொண்டாந்து வெக்கிறான். தொறந்தா... தொண்டைக்குள்ள இறங்க மாட்டேங்குது. காலிப் பாத்திரம் போகலன்னா கமலம் கேட்பா. நாய் மட்டும் அந்த நேரத்துக்கு வந்து உட்கார்ந்துக்குது."

"கமலத்துகிட்டச் சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்றது? அவ வேணாம் வேணாம்னு அழுதா. புள்ளையும் அழுதுச்சு. படிக்கணும், போய்த்தான் ஆகணும்னு நான்தான் அனுப்பினேன். இப்ப நானே உட்கார்ந்து என்னால முடியலன்னு சொன்னா, நாளைக்கே கூட்டிட்டு வந்துடுவா. அப்புறம் புள்ளை படிப்பு?"

குளுவாங் வண்டி வந்தது. போயிற்று. நான் ஏறவில்லை.

நேரே கமலம் வீட்டுக்குத்தான் போனேன். சொல்வதா வேண்டாமா என்று வழியெல்லாம் தடுமாறினேன். ஒரு மனிதர் மறைத்து வைத்ததை வெளியே போடுவது சரியா? ஆனால் ஒரு பக்கம் நாய் தின்றே சாகப்போகிறது, இன்னொரு பக்கம் மனுஷன் தின்னாமல். வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை. கண்டதை அப்படியே சொன்னேன்.

கமலம் கையில் கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தினமும் கேரியர் கழுவினாப்ல வரும்க்கா," என்றாள். "நல்லா இருந்துச்சான்னு கேட்பேன். நல்லா இருந்துச்சும்பாரு. எனக்கு அதுல ஒரு சந்தோஷம். ராத்திரிக்கு இலேசாப் போதும்பாரு. மத்தியானம் நல்லாச் சாப்பிட்டிருக்காருன்னு நினைச்சேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கோட்டு தொளதொளன்னு இருக்குன்னு தோபிகிட்டப் போய்ச் சண்டை போட்டேன்க்கா. துணியை இழுத்துக் கெடுத்துட்டான்னு."

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. நாய்க்குத் தராசு வைத்தோம், குவளை வைத்தோம், டாக்டர் வைத்தோம்.

அவள் அவரிடம் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அன்று இரவு ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். மறுநாள் மதியம் போர்ட்டர் வந்தபோது அவனை வெறுங்கையோடு அனுப்பினாள். தானே கேரியரை எடுத்துக்கொண்டு என்னையும் துணைக்குக் கூப்பிட்டாள். இத்தனை வருஷத்தில் வண்டி ஏற, இறங்க, வழியனுப்ப என்றுதான் அவள் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள். மாஸ்டர் அறைக்குள் காலெடுத்து வைத்ததில்லை.

சீஸரை வெளியே தண்ணீர்த் தொட்டித் தூணில் கட்டினாள். அது ஊளையிட்டு ஊரைக் கூட்டியது. எதிர்க்கடையிலிருந்து தவுக்கே எட்டிப் பார்த்தார். நான் வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். கதவு திறந்துதான் இருந்தது.

"இங்க என்ன பண்றே? இது ஆபீஸ்," என்றார் அவர்.

கமலம் இரண்டு தட்டு எடுத்து வந்திருந்தாள். இரண்டிலும் பரிமாறினாள். எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"புள்ளை படிக்கட்டும்," என்றாள். "நான் கூட்டிட்டு வரச் சொல்ல மாட்டேன். நீங்க சாப்பிடுங்க."

அவர் வெகுநேரம் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு ஒரு வாய் எடுத்தார். மெல்வது கஷ்டமாக இருந்தது, பார்த்தாலே தெரிந்தது. கமலம் நிமிர்ந்து பார்க்கவில்லை. தானும் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள். வெளியே நாய் ஊளை. உள்ளே இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். "உப்பு கொஞ்சம் கம்மி," என்று அவர் கடைசியில் சொன்னார். "நாளைக்குச் சரியாப் போடறேன்," என்றாள் அவள்.

இப்போது தினமும் மதியம் கமலம் ஸ்டேஷனுக்குப் போகிறாள். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். பேசி ஓய்ந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாக ஜொகூர் பாரு போய்ச் சரசுவைப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஹாஸ்டல் வாசலில் அவர்தான் அழுதார், தான் அழவில்லை என்று கமலம் பெருமையாகச் சொல்கிறாள்.

சீஸரைப் பற்றிக் கேட்பீர்கள். போன வெள்ளிக்கிழமை தராசு முள் முப்பத்து நாலில் நின்றது. முதல் முறையாகக் கை வைத்ததும் எலும்பு தட்டுப்பட்டது. இடுப்பு இன்னும் வரவில்லை. அதுவும் வரும். எஞ்சினோடு ஓட விடுவதில்லை. கயிற்றில் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நடத்துகிறார்கள். அதற்கு இது பெரிய அவமானம் போலத்தான் இருக்கிறது. மாஸ்டரைக் கண்டால் இன்னும் சட்டைப்பையை மோந்து பார்க்கிறது. அவர் கையை விரித்துக் காட்டுகிறார்.

என்னால்தான் இன்னும் அந்த அறைக் கதவைத் தாண்டிப் போக முடியவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு மனிதர் எங்கள் கண்ணெதிரில் தேய்ந்துகொண்டிருந்தார். நான், கமலம், டிரெஸர் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், ஊர் மொத்தமும் — குனிந்து நாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

உங்கள் வீட்டு நாய் மேலும் மேலும் குண்டாகிறதா? சாப்பாட்டைக் குறையுங்கள், நடக்கக் கூட்டிப்போங்கள், எடை பாருங்கள். எல்லாம் செய்துவிட்டு, ஒரு நிமிஷம் நிமிர்ந்து... வீட்டில் யார் இளைத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.